சீறி அடங்கும் காந்த விண்மீன்கள்



விண்மீன்களைப் பற்றி நம்மவர் மனத்தில் ஊறிப்போன எண்ணம் ஒன்று உண்டு. அவை நிலையானவை என்பதே அது. கிரகங்கள் இடம் மாறும். சந்திரன் வளரும், தேயும். ஆனால் துருவனும் அருந்ததியும் நம் பாட்டனார் கண்டவாறே நமக்கும் தெரிகின்றன. மணமகளுக்கு அருந்ததியைக் காட்டும் வழக்கத்தின் அடியில் இருப்பதும் இந்த நம்பிக்கைதான் அன்றோ?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விண்மீன்கள் இந்த நம்பிக்கைக்கு முற்றிலும் மாறானவை. வெறுங்கண்ணுக்கு அவை தெரியமாட்டா. ஆண்டுக் கணக்கில் மங்கிக் கிடந்து, திடீரென ஒருநாள் எக்ஸ்-கதிர்களில் பத்து மடங்கோ நூறு மடங்கோ ஒளிர்ந்து, பிறகு மாதக் கணக்கில் சிறுகச் சிறுக அடங்குகின்றன. அடங்கும் காலத்தில் அவற்றின் சுழற்சியும் தன் பழைய ஒழுங்கில் நிற்பதில்லை. ஒளி குறையும் கணக்கும், சுழற்சி மாறும் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். பொருந்தவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொருந்தாமையைக் கொண்டுதான் விஞ்ஞானிகள் அந்த விண்மீனின் உள்ளே எட்டிப் பார்க்க முயலுகிறார்கள்.

முதலில் இவை எத்தகைய பொருள்கள் என்று பார்ப்போம். சூரியனைவிடப் பல மடங்கு பெரிய விண்மீன் ஒன்று தன் எரிபொருள் தீர்ந்து வெடிக்கும்போது, அதன் நடுப்பகுதி உள்ளே நொறுங்கி, ஒரு சிறு உருண்டை எஞ்சுவதுண்டு. அதுவே நியூட்ரான் விண்மீன். குறுக்களவு 20 முதல் 25 கிலோமீட்டர்தான். டில்லி மாநகரின் எல்லைக்குள் அடங்கிவிடும். எடையோ சூரியனுடையதைவிட அதிகம். அந்தப் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் நூறு கோடி டன்னுக்கு மேல் நிறுக்கும். மேலே சுமார் ஒரு கிலோமீட்டர் கனத்துக்குக் கெட்டியான ஓடு. அந்த ஓட்டின் உட்புறத்திலும் அதற்குக் கீழும் உராய்வே இல்லாமல் ஓடக்கூடிய நியூட்ரான் திரவம். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நியூட்ரான் விண்மீன்களுள் சிலவற்றுக்குக் காந்த வலிமை அளவு கடந்து அமைந்துவிடுகிறது. நம் பூமியின் காந்தம் ஏறக்குறைய அரைக் காஸ். இவற்றின் காந்தமோ நூறு லட்சம் கோடி காஸ் அளவில் நிற்கிறது. ஆங்கிலத்தில் இவற்றை மாக்னெட்டார் என்கிறார்கள். நாம் காந்த விண்மீன் என்போம். 1979 மார்ச் 5ஆம் தேதி, சோவியத் நாட்டின் வெனெரா 11, வெனெரா 12 ஆகிய இரு விண்கலங்களின் கருவிகள் காமா கதிர் வெள்ளம் ஒன்றில் திணறிப்போயின. அந்த வெள்ளம் வடிந்தபோது 8 விநாடிக்கு ஒருமுறை துடிப்பு ஒன்று தெரிந்தது. சுழலும் விண்மீன் ஒன்றின் கைவரிசை இது என்பது விளங்கிற்று, காரணம் விளங்கவில்லை. 1992இல் ராபர்ட் டங்கன், கிறிஸ்டோபர் தாம்ஸன் என்னும் இருவர் காந்தமே இதன் எரிபொருள் என்ற கொள்கையை வெளியிட்டனர். 1998இல் கிறிஸ்ஸா கூவெலியோட்டூவும் அவருடைய கூட்டாளிகளும் எஸ்.ஜி.ஆர். 1806-20 என்ற விண்மீனின் சுழற்சி தளர்வதை அளந்து, அந்தக் கொள்கைக்கு ஆதாரம் தேடித் தந்தனர். இதுவரை அறியப்பட்டுள்ள காந்த விண்மீன்கள் மொத்தம் முப்பது அளவில்தான் இருக்கும்.

இவற்றின் மாபெரும் வெடிப்புகளைப் பற்றிப் பலர் கேட்டிருப்பீர்கள். இப்போது சொன்ன அதே 1806-20, 2004 டிசம்பர் இறுதியில் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், சூரியன் ஒரு லட்சம் ஆண்டுகளில் வெளியிடும் ஆற்றலைவிட அதிகமாக வெளியிட்டது. இந்தியக் கடிகாரப்படி 28ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு அந்தக் கதிர்கள் பூமியைத் தொட்டன. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் ஆழிப்பேரலை மக்களை வாரிச் சென்று இரண்டு நாள்கூட ஆகவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டோ என்று அப்போது சிலர் கேட்டார்கள். இல்லை. ஒளியின் வேகத்தை மிஞ்சி எதுவும் முன்கூட்டி வரமுடியாது.

ஆனால் நான் சொல்லவந்தது இத்தகைய மின்வெட்டுப் போன்ற வெடிப்பு அன்று. விண்மீன் முழுவதும் மாதக் கணக்கில் ஒளி கூடி நிற்கும் நிலை ஒன்று உண்டு. அதைச் சீற்றம் என்று குறிப்பிடுவேன்.

2003 ஜூலையில் ராஸ்ஸி என்ற அமெரிக்கச் செயற்கைக் கோள் தனுசு ராசியின் பக்கமாக 1806-20ஐ நோக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கோளின் கண் சற்று அகலமானது. அக்கம்பக்கத்தில் இருப்பதும் உள்ளே விழுந்துவிடும். அப்படி விழுந்த ஒளியில் 5.54 விநாடிக்கு ஒருமுறை வரும் புதிய துடிப்பு ஒன்று தென்பட்டது. அண்டை வீட்டைப் பார்க்கப் போனவர் இந்த வீட்டில் விளக்கெரிவதைக் கண்ட கதை இது. பழைய பதிவுகளைப் புரட்டியபோது, 2002 நவம்பருக்கும் 2003 ஜனவரிக்கும் இடையில் அந்த விளக்கு ஏற்றப்பட்டிருப்பது தெரிந்தது. அதற்கும் முன்னால், 1990களில் ரோசாட் என்ற கோள் எடுத்த படங்களில் அதே இடத்தில் மங்கலான ஒரு புள்ளி இருந்தது. எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் புள்ளி ஏறக்குறைய நூறு மடங்கு ஒளி பெற்றுவிட்டது. அதற்கு எக்ஸ்.டி.ஈ. ஜே1810-197 என்று பெயரிட்டார்கள். பெயர் வாய்க்குள் நுழையாதது. நான் 1810 என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். சுமார் 8,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

அது அடங்கிய விதத்தைக் கவனியுங்கள். கொல்லன் உலையிலிருந்து எடுத்த இரும்பு முதலில் விரைவாகச் சூடு தணியும். பிறகு மெல்ல மெல்லத் தணியும். மேற்பரப்பின் சூடு உடனே போய்விடுகிறது. ஆழத்துச் சூடு வெளியே வர நாளாகிறது. காந்த விண்மீனின் ஓட்டுக்குள்ளும் இதே கதைதான் நடக்கிறது என்பது ஒரு விளக்கம். உள்ளே முறுக்கேறிய காந்தம் ஓட்டை நெரிக்கிறது. ஓடு ஓரிடத்தில் இளகியோ விரிந்தோ கொடுத்துவிடுகிறது. அங்கே பிறந்த வெப்பம் மாதக் கணக்கில் கசிகிறது. இந்த விளக்கத்தில் ஓர் இடறல் உண்டு. பல சீற்றங்களில் ஒளி குறையும்போது சூடு அவ்வளவாகக் குறைவதில்லை. சூடான பகுதியின் பரப்புத்தான் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆறும் இரும்பில் இதைக் காணமாட்டோம். ஆகவே இரண்டாவது விளக்கம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஓடு நகர்ந்தபோது, அதில் வேரூன்றி வெளியே வளைந்து நிற்கும் காந்தக் கோடுகளும் கயிறுபோல் முறுக்கிக்கொண்டுவிட்டன. முறுக்கிய கயிற்றின் வழியே மின்னோட்டம் பாய்ந்து, அடிவேர் இருக்கும் இடத்தைச் சுட்டுக்கொண்டேயிருக்கிறது. முறுக்கு அவிழ அவிழச் சூடான இடமும் சிறுக்கிறது. உண்மையில் இரண்டும் கலந்தே நடக்கக்கூடும்.

எப்படியாயினும், ஒளியின் கணக்கு ஓரளவு ஒழுங்கானது. முதலில் வேகமாகவும் பிறகு நிதானமாகவும் அது இறங்கும். சில ஆண்டுகளில் பழைய மங்கலுக்குத் திரும்பிவிடும். சுழற்சியின் கணக்குத்தான் சண்டித்தனம் செய்கிறது.

சுழலும் காந்தம் ஆற்றலை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் செலவு சுழற்சியில் பற்றெழுதப்படுகிறது; ஆதலால் விண்மீன் சிறிது சிறிதாக அயர்கிறது. 1810 ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15,600 தடவை சுற்றுகிறது. சீற்றக் காலத்தில் அதன் ஒரு சுற்றுக்கான நேரம் ஓராண்டில் நீண்டது, விநாடியில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு என்ற அளவில்தான். இதை எப்படி அளக்கிறார்கள் என்று வியப்பாக இருக்கும். ஒவ்வொரு சுற்றையும் தவறாமல் எண்ணிக்கொண்டே போனால் போதும். சிறு பிழையும் லட்சக் கணக்கான சுற்றுகளில் திரண்டு கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் எண்ணிக்கை இடையில் அறுந்துபோகக் கூடாது. அறுந்தால் மறுபடி கோப்பது பெரும்பாடு.

1810 இதற்கு ஒரு வசதி செய்து கொடுத்தது. 2006இல் அது ரேடியோ அலைகளிலும் துடிக்கிறது என்று கண்டார்கள். காந்த விண்மீன் ஒன்றிலிருந்து ரேடியோத் துடிப்பு கிட்டியது அதுவே முதல் தடவை. விண்ணுக்குக் கோள் அனுப்பாமல் தரையிலிருந்தே நாள்தோறும் எண்ணலாம் என்றாயிற்று. எண்ணிய முதல் ஆண்டில் விண்மீனின் சுழற்சியைப் பிடித்திழுக்கும் தடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது; அதுவும் ஏற்ற இறக்கத்தோடு குறைந்தது. அதற்குப் பின், ரேடியோவில் கேட்ட கடைசி ஆண்டில் 9 சதவிகிதமே குறைந்தது. ரேடியோ ஒளியோ முதல் பத்து மாதத்தில் இருபதில் ஒரு பங்காகிவிட்டுப் பிறகு அப்படியே நின்றது. 2008 இறுதியில் முன்னறிவிப்பு எதுவும் இன்றி ரேடியோ அடியோடு நின்றுபோயிற்று.

இதில் என்ன சங்கடம் என்று கேட்பீர்கள். நியூட்ரான் விண்மீனின் வயதையும் காந்த வலிமையையும் கணக்கிட நம்மிடம் உள்ள எளிய வழி, அதன் சுழற்சி எவ்வளவு வேகத்தில் தளர்கிறது என்பதை வைத்துக் கணக்கிடுவதுதான். தளர்வு மூன்றில் ஒரு பங்கானால் கணக்கில் வயது மும்மடங்காகும். 1810க்கு ஓராண்டுக் காலத்தில் வயது மூன்று மடங்கு ஏறிவிட்டது என்று எவராவது ஒப்புவாரா? ஏடுகளில் அச்சாகியிருக்கும் வயதும் காந்த அளவும், அந்த விண்மீன் எந்த மனநிலையில் இருந்தபோது அளந்தார்கள் என்பதைப் பொறுத்தவை என்று ஆகிறது. பட்டியலில் உள்ள எண்களை மாணவர்கள் மனப்பாடம் செய்யும்போது இதையும் யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

தடை குறைவது மட்டுந்தானா என்றால், கூடுவதும் உண்டு. அதுவும் காலம் தாழ்த்திக் கூடுவது உண்டு. 1ஈ 1048.1-5937 என்ற விண்மீன் பத்தாண்டுக் காலத்தில் சில முறை சீறியது. ஒவ்வொரு முறையும் ஒளி எழுந்து, தணியத் தொடங்கி, ஏறக்குறைய 100 நாள் கழிந்த பிறகே சுழற்சித் தடை பல மடங்காக உயர்ந்து தள்ளாடிற்று. அடுப்பு அணைந்த பிறகு பால் பொங்கியதுபோல் இருக்கிறது. நம் ஆகாசகங்கையின் நடுவிலுள்ள மாபெரும் கருந்துளையின் அருகே 2013 ஏப்ரலில் விழித்துக்கொண்ட எஸ்.ஜி.ஆர். 1745-2900இலும் இதே விதம்: ஒளி இறங்கிக்கொண்டிருந்தது, தடையோ சில வாரங்களில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஒளி பிறப்பது விண்மீனின் மேற்பரப்பில். தடை பிறப்பது வெகு தொலைவில், காந்தக் கோடுகள் விண்மீனோடு சேர்ந்து சுழல முடியாமல் திறந்துகொள்ளும் இடத்தில். முறுக்கு மேற்பரப்பிலிருந்து அவ்வளவு தூரம் பரவச் சில மாதங்கள் பிடிக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். எனக்கு இது ஏற்புடைய ஊகமாகவே படுகிறது. ஆனால் எல்லாச் சீற்றங்களும் இந்தக் கால அட்டவணையை மதிப்பதில்லை.

உள்ளே இருக்கும் நியூட்ரான் திரவத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இப்போது அதன் முறை. 2002 ஜூன் 18ஆம் தேதி ராஸ்ஸிக் கோள் 1ஈ 2259+586 என்ற விண்மீனை வழக்கமான பார்வையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சில மணி நேரத்திலேயே விண்மீன் 80க்கும் மேற்பட்ட சிறு வெடிகளை வெடித்தது. ஒளி பத்து மடங்குக்கு மேல் ஏறியது. கூடவே அதன் சுழற்சி திடீரெனச் சற்று விரைவாயிற்று, பத்து லட்சத்தில் நான்கு பங்கு அளவுக்கு. இதைச் சுழற்சித் துள்ளல் என்போம். ஓடு தளர்ந்து அயரும்போதும் உள்ளிருக்கும் திரவம் பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் பிடித்துக்கொள்ளும் கணத்தில் ஓடு முன்னோக்கித் துள்ளும். சாதாரண நியூட்ரான் விண்மீன்களிலும் இது நடக்கிறது. ஒருவாறு புரிந்த விஷயந்தான்.

பத்தாண்டு கழித்து, 2012 ஏப்ரலில், அதே விண்மீனில் மறுபடி ஒரு சீற்றம். இந்தத் தடவை ஒளி இரண்டு மடங்களவே கூடிற்று. சுழற்சியோ எதிர்ப்பக்கம் துள்ளியது. இரண்டு வார இடைவெளிக்குள், ஒரு கோடியில் மூன்று பங்கு அளவுக்கு விண்மீன் திடீரென மந்தமாகிவிட்டது. ஒரே விண்மீன், ஒரே வகைச் சீற்றம். ஒருமுறை முடுக்கம், மறுமுறை முட்டுக்கட்டை! உள்ளிருக்கும் திரவத்தின் ஒரு பகுதி ஓட்டைவிட மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்ததா, அல்லது வெளியே வீசிய துகள் காற்று சுழற்சியைப் பறித்துச் சென்றதா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

இனி 1810க்கே திரும்புவோம். பத்தாண்டு மௌனத்துக்குப் பிறகு, 2018 டிசம்பர் 8ஆம் தேதி, இங்கிலாந்தின் ஜாட்ரல் பாங்க் நிலையத்தில் உள்ள லோவல் தொலைநோக்கி மறுபடி அதன் துடிப்பைக் கேட்டது. எக்ஸ்-கதிரிலும் அது மீண்டும் எழுந்திருந்தது. இந்த முறை எண்ணிக்கை தொடக்கத்திலிருந்தே கையில் கிடைத்தது. முதல் 48 நாளில் சுழற்சித் தளர்வின் வீதம் 2.6 மடங்காக உயர்ந்தது. முந்தைய சீற்றத்தில் ரேடியோ எண்ணிக்கை தொடங்கியதே மூன்று ஆண்டு கழித்து. ஆகவே அப்போது கண்டது மலையின் இறக்கத்தை மட்டும். ஏற்றம் எப்படியிருக்கும் என்பது இப்போதுதான் தெரிந்தது.

நம் நாட்டினரும் இதில் வாளாவிருக்கவில்லை. புனேயிலிருந்து நாசிக் செல்லும் சாலையில் பயணம் செய்யும் நேயர்கள், நாராயண்காவ் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே கம்பி வலையால் ஆன பெரிய கிண்ணங்கள் வானத்தை நோக்கி நிற்பதைக் கண்டிருக்கக்கூடும். ஒவ்வொன்றும் 45 மீட்டர் அகலம், மொத்தம் 30. கோடத் கிராமத்தை மையமாகக் கொண்ட அந்த ரேடியோ தொலைநோக்கியை உருவாக்கியவர் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப். நீலகிரியில் முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு 1970இல் எழுந்த ஊட்டித் தொலைநோக்கிக்கும் அவரே கர்த்தா. நாராயண்காவ் கிண்ணங்கள் 1810ஐக் கேட்டபோது, அதன் ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் மில்லி விநாடி அளவிலான கூரிய பொறிகள் தெரிந்தன. தொலை அண்டங்களிலிருந்து நொடிப்பொழுதில் வந்து மறையும் ரேடியோப் பொறிகளை ஒருவகையில் அவை ஒத்திருந்தன.

இந்த ஒப்புமைதான் காந்த விண்மீன்களை இன்று பலரும் கூர்ந்து பார்ப்பதற்குக் காரணம். அந்தத் தொலை அண்டப் பொறிகள் எவற்றிலிருந்து வருகின்றன என்பது பல ஆண்டுகளாகப் புதிராக இருந்தது. 2020 ஏப்ரல் 28ஆம் தேதி நம் ஆகாசகங்கையிலேயே உள்ள எஸ்.ஜி.ஆர். 1935+2154 என்ற காந்த விண்மீன் அத்தகைய பொறி ஒன்றை வீசி, தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அதே விண்மீன் 2022 அக்டோபரில் மற்றொரு பொறியை வீசியபோது விண்ணிலிருந்து இரண்டு கருவிகள் அதன் சுழற்சியை எண்ணிக்கொண்டிருந்தன. ஒன்பது மணி நேர இடைவெளியில் இரண்டு துள்ளல்கள். நடுவே வழக்கத்தைவிடப் பன்மடங்கு வேகமான அயர்வு. பொறியும் அந்த இடைவேளையிலேயே பிறந்தது. சுழற்சிக்கும் பொறிக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி அதற்குமுன் கிடைத்ததில்லை.

1810இன் 2018ஆம் ஆண்டுச் சீற்றத்திலிருந்து இன்னொரு செய்தியும் பின்னால் வந்தது. வந்துசேர்ந்த ரேடியோ அலைகளின் அதிர்வுத் தளம் நாளுக்கு நாள் ஒழுங்காகச் சாய்ந்து சாய்ந்து மாறியதை ஆராய்ந்து, 2024இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாட்டையிலிருந்து விடுபட்ட பம்பரம் தரையில் விழுந்ததும் தலையாட்டிச் சுற்றுவதை நாம் எல்லாரும் சிறுவயதில் கண்டிருக்கிறோம். சீற்றத்தில் உருவம் சற்றே கோணிய விண்மீனும் அவ்வாறே தலையாட்டியிருக்கிறது. ஆனால் அந்த ஆட்டம் சில மாதங்களில் அடங்கி, விண்மீன் நேராக நின்று சுற்றத் தொடங்கிவிட்டது.

தொலை அண்டம் ஒன்றிலிருந்து வரும் பொறிகள் ஏறக்குறைய 16 நாளுக்கு ஒருமுறை கூடிக் கூடிக் குறைகின்றன என்று 2020இல் அறிந்தார்கள். அங்கே காந்த விண்மீன் ஒன்று தலையாட்டிக்கொண்டேயிருப்பதுதான் இதற்குக் காரணம் என்று சிலர் சொல்லியிருந்தனர். 1810இன் ஆட்டம் சில மாதத்துக்குள் ஓய்ந்திருக்க, அங்குள்ளது மட்டும் ஆண்டுக் கணக்கில் ஓயாமல் ஆடுவது எப்படி என்ற கேள்விக்கு அவர்கள் இனி விடை சொல்லியாக வேண்டும்.